எண்ணெயைத் துடைக்கப் பிறந்த தாள்



மஸ்ஜித் இந்தியாவுக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் துணியோடு மட்டும் வீடு திரும்புவதில்லை. பூச்சரம், சாம்பிராணி, மருதாணிக் குழல், ஒரு போத்தல் நல்லெண்ணெய் என்று கைப்பை கனத்துவிடும். சென்ற பள்ளி விடுமுறையில் நானும் அப்படித்தான் கனத்த பையோடு அஞ்சடியில் நடந்துகொண்டிருந்தேன். பார்வையற்ற பெரியவர் ஒருவர் மடக்கு நாற்காலியில் அமர்ந்து, மடியில் ஒரு கூடையை வைத்துக்கொண்டு டிஷ்யூ பொட்டலங்களை விற்றுக்கொண்டிருந்தார். பள்ளி தொடங்கினால் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குச் சளியும் தொடங்கிவிடும் என்பதால் நான்கைந்து பொட்டலங்கள் வேண்டும் என்றேன். எடுத்துக் கொடுக்கப் போனவர் கையை நிறுத்தினார்.

"பிள்ளைகளுக்கா? அப்ப இதை எடுங்கம்மா. இது லோஷன் போட்டது. எத்தனை தடவை தொடச்சாலும் மூக்கு எரியாது."

உறையை விரலால் தடவியே எது எந்தப் பொட்டலம் என்று அவர் பிரித்தெடுத்தது ஒரு வியப்பு. காகிதத்தில் எண்ணெய்ப்பசையை வேண்டுமென்றே தடவி விற்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய வியப்பு. எனக்குத் தெரிந்தவரை காகிதத்துக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு வேறு. வடையை நாளிதழ்த் தாளில் வைத்து அழுத்தி எண்ணெயை எடுத்துவிட்டுத்தான் எங்கள் அப்பா வாயில் போடுவார். எண்ணெயை உறிஞ்சுவதுதான் தாளின் வேலை. அந்தத் தாளுக்கே எண்ணெய் பூச வேண்டிய நிலை எப்படி வந்தது? வீட்டுக்கு வந்து தேடிப் படித்தபோது, அந்தக் கதையின் நடுவே நம்மவர்களே நிற்பதைக் கண்டேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. மக்கள் வாயில் வழங்குவது டிஷ்யூவும் வெட் டிஷ்யூவும்தான். நான் முன்னதை மென்தாள் என்றும் பின்னதை ஈரத்தாள் என்றும் எழுதுகிறேன். லோஷனை லோஷன் என்றே விட்டுவிட்டேன். களிம்பு என்றால் புண்ணுக்குப் போடும் மருந்து நினைவுக்கு வந்துவிடுகிறது.

மஸ்ஜித் இந்தியா என்ற வட்டாரத்துக்குப் பெயர் தந்த பள்ளிவாசல் 1863ஆம் ஆண்டில் இந்திய முஸ்லிம் வணிகர்களால் மரத்தால் எழுப்பப்பட்டது. இன்று நாம் காணும் கட்டடம் 1966இல் வந்தது. பள்ளிவாசலைச் சுற்றி வளர்ந்த கடைகளில் துணிக்கு அடுத்தபடியாக மணப்பொருளும் எண்ணெயும்தான் நெடுங்காலம் ஆட்சி செய்தன. அத்தர், சந்தனம், தலைக்கு ஓர் எண்ணெய், மூட்டுக்கு ஓர் எண்ணெய், பிள்ளைக்கு ஓர் எண்ணெய். தோலைக் காப்பது எண்ணெய் என்ற எண்ணம் அந்தத் தெருவில் என்றுமே கேள்விக்கு உள்ளானதில்லை. தலைநகரின் தெருக்களில் மென்தாள் விற்கும் பார்வையற்றோரை நாம் நெடுநாளாகவே பார்த்து வருகிறோம். 1951இல் தோன்றிய மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் நம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. ஆக, மேல்நாட்டுத் தாள் ஒன்று நம் தெருவின் காட்சியாகவே ஆகிவிட்டது.

அந்தத் தாள் பிறந்தது போரில். 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் காயம் கட்டுவதற்குப் பருத்திப் பஞ்சு போதவில்லை. அமெரிக்காவின் கிம்பர்லி கிளார்க் நிறுவனம் மரக்கூழிலிருந்து பஞ்சைப் போன்ற உறிஞ்சுபொருளைச் செய்து 'செல்லுகாட்டன்' என்ற பெயரில் கொடுத்தது. போர் முடிந்தது; பொருள் மிஞ்சியது. மிஞ்சியதை விற்க வழி தேடியபோதுதான் அதை மெல்லிய தாளாக்கும் எண்ணம் வந்தது. 1924இல் 'கிளீனெக்ஸ்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது.

எதற்காக வந்தது என்பதை ஆசிரியர்கள் கவனிக்க வேண்டும். மூக்குச் சிந்துவதற்காக அன்று. அந்நாளில் மேல்நாட்டுப் பெண்களும் நாடகக் கலைஞர்களும் முகப்பூச்சைக் களைய 'கோல்ட் கிரீம்' என்ற குழைவைத் தடவினார்கள். தேன்மெழுகும் ஆலிவ் எண்ணெயும் பன்னீரும் சேர்ந்த குழைவு அது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் கேலன் பெயரால் வழங்கி வருவது. தடவியதைத் துடைக்கத் துண்டைப் பயன்படுத்தினால் துண்டு பிசுபிசுத்துப் போகும். துடைத்ததும் எறிந்துவிட ஒரு தாள் வேண்டும். அதுதான் கிளீனெக்ஸ். சுருங்கச் சொன்னால், மென்தாள் தோலிலிருந்து எண்ணெயை எடுப்பதற்கென்றே பிறந்தது.

வாங்கியவர்கள் வேறு வழியில் போனார்கள். சளி பிடித்த நாளில் அதையே கைக்குட்டையாக்கிக் கொண்டார்கள். நிறுவனம் 1926இல் இல்லினாய் மாநிலத்துப் பியோரியா நகரில் விளம்பரம் வைத்துச் சோதித்தபோது, 100 பேரில் 60 பேர் மூக்குத் துடைக்கவே அதை வாங்குகிறார்கள் என்று தெரிந்தது. அதன் பிறகு விளம்பரம் முழுவதும் மூக்கின் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு பொருளை எதற்குப் பயன்படுத்துவது என்பதை ஆக்கியவன் அல்லன், பயன்படுத்துபவளே முடிவு செய்கிறாள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அங்கேதான் தொல்லையும் தொடங்கியது. எண்ணெயை உறிஞ்சுவதற்கென்று செய்த தாள், மூக்கின் ஓரத்திலும் அதே வேலையைத்தான் செய்யும்.

நம் தோலின் மேலடுக்கை ஒரு செங்கற்சுவராக எண்ணிப் பாருங்கள். இறந்த உயிரணுக்கள் செங்கற்கள். அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்புப் பொருள்கள் சாந்து. சாந்து இருக்கும்வரை உள்ளிருக்கும் ஈரம் வெளியே போகாது. வெளியே உள்ள அழுக்கும் கிருமியும் உள்ளே வாரா. சளி பிடித்த பிள்ளை ஒரு நாளில் பல முறை மூக்கைத் துடைக்கிறது. ஒழுகும் நீர் தோலை ஊறவைக்கிறது. ஊறிய தோலைத் தாள் உராய்கிறது. உராயும்போது சாந்தும் சிறிது சிறிதாகப் போகிறது. மூன்றாம் நாள் மேலுதட்டுக்கு மேலே சிவந்த கோடு ஒன்று விழும். நான்காம் நாள் அந்தப் பிள்ளை தாளைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு சட்டைக் கையில் துடைக்கும். இதை நான் விளக்க வேண்டியதில்லை. முதலாம் ஆண்டு வகுப்பை எடுத்த ஆசிரியர் எவருக்கும் தெரியும்.

இந்த இடத்தில் ஈரத்தாளின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அது பெரிய கதை அன்று. அமெரிக்காவில் ஒப்பனைப் பொருள் தொழிலில் இருந்த ஆர்தர் ஜூலியஸ் என்பவர், 1957இல் சூப்பை அளந்து அடைக்கும் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து, ஈரமான தாளைச் சிறு உறையில் அடைத்தார். 1963இல் கே.எஃப்.சி. உணவகங்கள் அதை வாங்கி வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தொடங்கின. கோழி எண்ணெய் பட்ட விரலுக்கு ஈரத்தாள். அதுவும் எண்ணெயை எடுக்கத்தான்! மலேசியாவின் முதல் கே.எஃப்.சி. 1973இல் திறக்கப்பட்டது துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையில். பெரியவர்கள் இன்னும் பத்து ரோடு என்று சொல்லும் அதே சாலை. மஸ்ஜித் இந்தியாவுக்கு அடுத்த தெரு. 1970களில் குழந்தைக்கான ஈரத்தாள் மேல்நாட்டுக் கடைகளில் பரவியது. அரைத்துணி மாற்றும்போது துடைப்பதற்கு என்று அது வந்தவுடன்தான், வெறும் ஈரம் தோலைக் காக்காது என்ற உண்மை தாய்மார்களுக்குப் பளிச்சென்று விளங்கியது. துடைத்தால் சுத்தம் வரும். கூடவே சிவப்பும் வரும்.

எனவே எண்ணெய் திரும்பி வந்தது. 1980களின் பிற்பகுதியில் புரோக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனம் 'பஃப்ஸ் பிளஸ்' என்ற லோஷன் பூசிய மென்தாளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மற்ற நிறுவனங்களும் அந்த வழியில் வந்தன. எண்ணெயைத் துடைக்கப் பிறந்த தாள், ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்துத் தானே எண்ணெயைச் சுமந்துகொண்டு வந்து தோலில் வைக்கத் தொடங்கியது. வரலாறு இப்படியும் குறும்பு செய்யும்.

இதைச் செய்வது எளிதன்று. தாளை எண்ணெயில் தோய்த்தால் அது வலுவிழக்கும். ஈரத்தை உறிஞ்சவும் மறுக்கும். ஆகவே அறை வெப்பத்தில் மெழுகுபோல் உறைந்திருந்து, உடல் சூடும் உராய்வும் பட்டதும் இளகித் தோலுக்கு இடம்மாறும் கலவை ஒன்றைத் தாளின் மேற்பரப்பில் மட்டும் மிக மெல்லியதாகப் பூசுகிறார்கள். அது உராய்வைக் குறைக்கிறது. போன சாந்துக்குப் பதிலாக ஒரு படலத்தை விட்டுச் செல்கிறது. இவ்வளவுதான் அதன் வேலை. சளியை அது குணப்படுத்தாது. உறையில் கற்றாழைப் படம் போட்டிருந்தாலும் அது மருந்தாகிவிடாது. மூக்குக்கண்ணாடியை அதனால் துடைக்கவே கூடாது என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். கரும்பலகை முழுவதும் பனிமூட்டமாகத் தெரியும்.

அந்தக் கலவையில் என்னென்ன இருக்கின்றன என்று பார்க்கப் போனால்தான் கதை நம் ஊருக்குத் திரும்புகிறது.

பெட்ரோலிய எண்ணெயிலிருந்து எடுக்கும் வாசலின் போன்ற பசையைச் சேர்ப்பவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டால், பொட்டலத்தின் பின்புறத்தில் அடிக்கடி காணும் பெயர்கள் கிளிசரின், ஸ்டியரிக் அமிலம், சீட்டைல் ஆல்கஹால், ஸ்டியரைல் ஆல்கஹால் என்பவை. கிளிசரினை 1779இல் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே. ஆலிவ் எண்ணெயை ஈய ஆக்சைடோடு சேர்த்துக் காய்ச்சியபோது இனிப்பான நீர்மம் ஒன்று பிரிந்து வந்தது. எந்தக் கொழுப்பானாலும் எந்தத் தாவர எண்ணெயானாலும் பிளந்தால் கொழுப்பு அமிலமும் கிளிசரினும் கிடைக்கும். எண்ணெயின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கிளிசரின் தேறும். ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்வது அதன் இயல்பு.

சீட்டைல் ஆல்கஹாலின் கதை இன்னும் சுவையானது. 1817இல் பிரெஞ்சு அறிஞர் ஷெவ்ருல், திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் மெழுகைக் காரத்தோடு காய்ச்சி அதைப் பிரித்தார். சீட்டஸ் என்ற இலத்தீன் சொல்லுக்குத் திமிங்கிலம் என்று பொருள். மேல்நாட்டு முகப்பூச்சுகளின் வழவழப்புக்காகத் திமிங்கிலங்கள் எத்தனையோ செத்தன. வணிகத் திமிங்கில வேட்டைக்கு உலகளாவிய தடை 1986இல் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, அந்தப் பொருளைத் தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் வழி பிறந்துவிட்டது. பெயரில் மட்டும் திமிங்கிலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே ஓர் ஐயத்தையும் தீர்த்துவிட வேண்டும். ஆல்கஹால் என்ற சொல்லைப் பார்த்துவிட்டு, "இது நமக்கு ஆகுமா?" என்று மஸ்ஜித் இந்தியாக் கடைகளில் கேட்கும் முஸ்லிம் அன்பர்கள் உண்டு. நியாயமான கேள்வி. சீட்டைல் ஆல்கஹால் மதுவைச் சேர்ந்ததன்று; மெழுகுபோன்ற வெள்ளைக் கட்டி. பெயரில் மட்டுமே உறவு. தோலை உலர்த்துவது கிருமிநாசினித் தாள்களில் உள்ள எத்தனால். ஆனால் கிளிசரினைப் பற்றிய கேள்வி பெயரோடு நிற்காது. விலங்குக் கொழுப்பிலிருந்தும் அதை எடுக்கலாம், தாவரத்திலிருந்தும் எடுக்கலாம். ஒப்பனைப் பொருள்களுக்கான ஹலால் நெறிமுறையை மலேசியா 2008இல் எம்.எஸ். 2200 என்ற தர ஆவணமாக வெளியிட்டதன் பின்னணியில் இத்தகைய கேள்விகள்தாம் இருந்தன. சைவ உணவுக்காரர்களாகிய நம் பெற்றோர் பலருக்கும் இதே கேள்வி உண்டு, கேட்பதில்லை, அவ்வளவே. விடை பெரும்பாலும் ஒரே மரத்தில் இருக்கிறது.

அந்த மரம் செம்பனை.

மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனைக் கன்றுகள் நான்கு, 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவுக்கு வந்து சேர்ந்தன. மலாயாவில் அது முதலில் அழகு மரமாகவே வளர்க்கப்பட்டது. வணிக நோக்கில் அதை முதன்முதலாக நட்டவர் ஆன்ரி ஃபோகொனியே என்ற பிரெஞ்சுக்காரர். ஆண்டு 1917, இடம் கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டம். பிற்காலத்தில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் பிரான்சின் கொன்கூர் பரிசைப் பெற்றவரும் இவரே. தென்னமரம்! அந்தப் பெயர் தமிழ்க் காதில் எப்படி ஒலிக்கிறது என்று நான் சொல்லவா வேண்டும்? நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் தென்னையின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வேதியியலும் இதற்கு ஒத்துவருகிறது. செம்பனைக் கொட்டையின் பருப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய், தேங்காய் எண்ணெயின் உடன்பிறப்பு. இரண்டிலும் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம்.

செம்பனை என்றால் நம் பாடநூல்களில் குலை அறுப்பவரின் படம் வரும். மகரந்தம் தூவிய பெண்களின் படம் வருவதில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து மரம் வந்தது. அதற்கு மகரந்தம் சேர்க்கும் வண்டு வரவில்லை. அதனால் 1981 வரை நம் நாட்டுத் தோட்டங்கள் பலவற்றில் மனிதக் கைகள் அந்த வேலையைச் செய்தன. ஆண் பூவின் மகரந்தத்தைச் சேர்த்து, உலர்த்தி, டால்கம் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின்மேல் ஊத வேண்டும். பூ விரியும் நாள் தப்பினால் குலை காய்க்காது என்பதால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அதே மரத்துக்குத் திரும்ப வேண்டும். என் தாயார் இந்த வேலை செய்தவர். முள்மட்டைகளுக்கு நடுவே கையை விட்டு ஊதிவிட்டு வந்தால், முழங்கைவரை பவுடரும் கீறலும் ஒன்றாக இருக்கும். குளித்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வார். 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து கொண்டுவந்த சிறு வண்டினத்தைத் தோட்டங்களில் விட்டார்கள். அது அந்த வேலை முழுவதையும் எடுத்துக்கொண்டது. விளைச்சல் பெருகியது, தாயார் வேறு வேலைக்கு மாற்றப்பட்டார். வண்டைப் பற்றி எழுதியவர்கள் பலர் இருக்கிறார்கள். ஊதிய பெண்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

அதே 1980களில்தான் எண்ணெயைப் பிளந்து கொழுப்பு அமிலம், கொழுப்பு ஆல்கஹால், கிளிசரின் செய்யும் ஆலைகள் மலேசியாவில் பெருகின. மேல்நாட்டு மென்தாளில் லோஷன் ஏறிய காலமும் அதுவே. ஒன்றால் ஒன்று வந்தது என்று நான் சொல்லவில்லை. தோலுக்குப் பூசும் பொருள்களுக்குத் தேவை பெருகியபோது அதற்குரிய மூலப்பொருள் நம் நாட்டில் மலிவாகக் கிடைத்தது என்றுதான் சொல்கிறேன். அந்த மலிவில் யாருடைய கூலி அடங்கியிருந்தது என்பதைத் தோட்டப்புறத்தில் பிறந்தவர்கள் அறிவார்கள்.

தோட்டப்புறம் என்றதும் ஆயாக்கொட்டகை நினைவுக்கு வருகிறது. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும் தாய், தூங்கும் பிள்ளையைத் தூக்கிவந்து அங்கே விட்டுவிட்டுப் போவாள். ஆயாவின் கையில் இருந்தவை இரண்டே பொருள்கள்: பழைய வேட்டியைக் கிழித்து வெந்நீரில் அலசிய துணி, ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய். துடைப்பதற்குத் துணி, துடைத்த இடத்தில் எண்ணெய். இரண்டையும் பிரித்தே பார்க்காத கை அது. தொழிற்சாலை அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, பிறகு ஒன்றாக்க அறுபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

இப்படிச் சொல்வதால் பழமை எல்லாம் பொன் என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். ஆயாக்கொட்டகைத் துணி ஒரு பிள்ளையின் கண்ணோயை அடுத்த பிள்ளைக்குக் கொண்டுபோனதும் உண்டு. எண்ணெய்களிலும் வேறுபாடு இருக்கிறது. வங்காளதேசத்தில் டாக்கா சிசு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் தோலில் சூரியகாந்தி எண்ணெய் தடவியபோது, மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41 விழுக்காடு குறைந்தன என்று 2005இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஆய்வு வெளிவந்தது. மறுபுறம், கடுகெண்ணெயும் ஆலிவ் எண்ணெயும் தோலின் சாந்தைச் சிதைக்கக்கூடும் என்று வேறு ஆய்வுகள் காட்டின. பாட்டி சொன்னதில் சரியான பாதியையும் தவறான பாதியையும் பிரித்துப் பார்க்க நமக்கு இப்போது வழி இருக்கிறது.

ஈரத்தாளைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஈரம் இருக்கும் இடத்தில் பூஞ்சை வளரும். ஆகவே பொட்டலத்தில் அடைத்த ஈரத்தாளுக்குப் பாதுகாப்பு வேதிப்பொருள் தேவை. அவற்றுள் ஒன்றான மெத்தில்ஐசோதயசோலினோன் பலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கியது. அமெரிக்கத் தோல் ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் 2013இல் அதை ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல், கழுவாமல் விடும் ஒப்பனைப் பொருள்களில் அதைத் தடை செய்தது. ஈரத்தாளும் அவ்வகையில் சேரும். தோலைக் காக்கும் என்று உறையின் முன்புறம் சொல்வதைப் பின்புறத்தோடு ஒப்பிட்டுப் படிக்கும் பழக்கம் நம் பெற்றோரிடம் இன்னும் வரவில்லை. பெருந்தொற்றுக்குப் பின் பள்ளி திறந்த நாள்களில், எத்தனால் தோய்ந்த தாளால் நாளுக்குப் பத்து முறை துடைத்துப் பிள்ளைகளின் புறங்கைகள் வெடித்துப் போயின. நானே துடைத்தேன். குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன். கை, கால், வாய்ப் புண் நோய்க்கு எத்தனால் தாள் போதாது, சவர்க்காரமும் ஓடும் நீரும்தான் வேண்டும் என்பதை அப்போதே நாங்கள் அறிந்திருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது.

2005ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் புகைமூட்டத்தால் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியிருந்தது. நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் இருக்கும் அதே வட்டாரம். 2013இல், 2015இல், 2019இல் புகை மீண்டும் வந்தது. சுமத்திராவிலும் கலிமந்தானிலும் கரிநிலக் காடுகளை எரித்ததால் வந்த புகை. அங்கே எரித்த நிலத்தில் நட்டவற்றில் முதன்மையானவை இரண்டு: செம்பனையும் காகிதக்கூழ் மரமும். 2015 அக்டோபரில் சிங்கப்பூரின் பேரங்காடிகள் சில, அந்தத் தீயோடு தொடர்புபடுத்தப்பட்ட காகித நிறுவனம் ஒன்றின் மென்தாள்களைத் தம் அடுக்குகளிலிருந்து எடுத்துவிட்டன.

2019 செப்டம்பரில் சிலாங்கூரில் பள்ளிகளை மூடுவதற்கு முந்திய நாள். சன்னல்கள் எல்லாம் அடைத்திருந்தன. பாதி வகுப்பு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நான் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாக மென்தாள் கொடுத்து வந்தேன். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி தாளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது ஏன் வழவழன்னு இருக்கு? எதால செய்வாங்க?" என்று கேட்டாள். மரக்கூழும் செம்பனை எண்ணெயும் என்றேன். அவள் சன்னலைப் பார்த்தாள்.

"அப்போ அந்தப் புகை?"

அந்த நேரம் கணிதப் பாடத்துக்கு உரியது. மணி அடிக்கும்வரை நாங்கள் கணிதப் புத்தகத்தைத் திறக்கவில்லை.